கிடாய்ப்பாறைக் கைகள்

தாயில்பட்டி
12.6.2025

சீனிவாசகம் முதலாளியின் பேத்தி ஹர்ஷினிக்கு, மணிமுத்து சொல்லி எழுதுவது.

முதலில் வருசத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்ணில் சொல்ல எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடம் பார்க்காதவன். நடந்ததைச் சொல்கிறேன், எண்ணை நீ போட்டுக்கொள். எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் படுத்த வாரம். ஊர் ஊருக்கு மண்சோறு தின்றார்கள். அந்தத் தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் டெல்லியில் இந்திரா அம்மாவைச் சுட்டார்கள், சிவகாசியில் கடைக் கதவெல்லாம் இறங்கியது. அடுத்த பங்குனியில் நம்மை ராமநாதபுரத்தை விட்டுப் பிரித்துத் தனி ஜில்லா ஆக்கினார்கள். அந்த வருசத்து ஆயுத பூஜை அன்று மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், கிடாய்ப்பாறையில் ஐந்து பேர் காவி முக்கிக் கை பதித்தார்கள். காவி குழைத்துக் கொடுத்தவன் நான்.

அந்த ஐந்து கைகளைத்தான் பத்தாயிரம் வருசத்துக்கு முந்தின ஆதிமனிதன் கை என்று நீ புத்தகம் போட்டிருக்கிறாய்.

புத்தகத்தைப் படித்துக் காட்டியவள் சம்சாத். இங்கே பஸ் நிற்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். உங்கள் பிரஸ்ஸில் அடித்த புத்தகம் ஒரு கட்டு அவள் கடைக்கு வந்தது, இலவசமாகக் கொடுக்கச் சொல்லி. "மாமா, உங்க பாறையப் பத்தி எழுதியிருக்காக, கேட்டீகளா?" என்றாள். கேட்டேன். இந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதினால் மெட்ராஸில் படிக்கிற பிள்ளை சிரிக்கும் என்று நல்ல தமிழாக்கிப் போடுகிறாளாம். எப்படியும் போடட்டும். ஏச்சை மட்டும் குறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு விரல் இல்லாத ஒரு கையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். வேட்டை கிடைக்க வேண்டும் என்று தெய்வத்துக்கு விரலை அறுத்துக் காணிக்கை கொடுத்த மனிதனாம். பிரான்ஸ் தேசத்துக் குகையிலும் அப்படிக் கை உண்டாம். படித்துக்கொண்டிருந்த சம்சாத் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வந்தது சிரிப்புதான்.

அந்தக் கை இசக்கிப்பாண்டியின் கை. சுண்டு விரலும் மோதிர விரலும் உன் தாத்தாவின் பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் போயின. அப்போது அறுத்துக்கொண்டிருந்தது காலண்டர், வள்ளி தெய்வானையோடு முருகன் நிற்கிற படம். ஆகையால் தெய்வத்துக்குக் காணிக்கை என்று நீ எழுதியதில் பாதி சரி. எந்தத் தெய்வம் என்பதில்தான் தவறிவிட்டாய்.

பாறைக்கு அடியில் ஒரு போர்டு நட்டிருக்கிறீர்கள். ஆதிமனிதர்கள் வாழ்ந்த இடம், பத்தாயிரம் ஆண்டு, கீழே உபயம் என்று உன் தாத்தா பெயர். நான் ஆதிமனிதனுக்குப் பசை காய்ச்சியவன். இன்று காலையில் இரண்டு இட்லி தின்றேன். போர்டைப் பிடுங்கு. புத்தகத்தைத் திரும்ப வாங்கு.

இப்படிக்கு
மணிமுத்து (பெருவிரல் ரேகை)


சென்னை
20.6.2025

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. தொலைபேசி எண் இருந்தால் பேசியிருப்பேன். 'பேசினதை இல்லை என்று சொல்லிவிடலாம், எழுதினதைச் சொல்ல முடியாது, அதனால் போன் வேண்டாம் என்கிறார்' என்று உறையின் பின்பக்கம் சம்சாத் அக்கா எழுதியிருந்தார். சரி, எழுதுகிறேன்.

நான் கலை வரலாற்றில் முதலாண்டு மாணவிதான். அந்த முதலாண்டிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒன்று உண்டு. எந்தப் பாறைக்குப் போனாலும் ஊரில் ஒருவர் வருவார். "இதெல்லாம் ஒண்ணுமில்ல, எங்க சித்தப்பா கிறுக்கினது" என்பார். இன்னொருவர் பாண்டவர்கள் வரைந்தது என்பார். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இரண்டையும் நம்பாமல் வேலையைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தக் கைகளின் நிறம் இரும்புக் காவி. ஆதிகால ஓவியங்களும் இரும்புக் காவிதான். கைகள் இருக்கும் அதே பாறையில் ஒரு மான் இருக்கிறது, கோல் பிடித்த நான்கு மனிதர்கள் இருக்கிறார்கள். இருப்பதிலேயே சிறிய கை ஒரு பெண்ணுடையதாக இருக்கலாம். குகை ஓவியர்களில் பெண்கள் அதிகம் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். வழுக்கி இழுபட்டிருக்கும் கை, ஆவேசம் வந்து ஆடியவருடையதாக இருக்கலாம். மேல்விதானத்தில் தடிமனாகக் கரி படிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே தீ மூட்டி இறைச்சி சுட்டிருந்தால்தான் அவ்வளவு கரி படியும். இதையெல்லாம் நீங்கள் ஒரு ஆயுத பூஜை மத்தியானத்தில் செய்துவிட முடியாது.

தாத்தாவிடம் போனில் கேட்டேன். கிடாய்ப்பாறையில் நமக்கு எந்தத் தொழிலும் இருந்ததில்லை என்றார். உங்கள் பெயரைச் சொன்னதும் சிரித்தார். "மணிமுத்தா? இன்னும் இருக்கானா? வேலையவிட்டு நிப்பாட்டினதுல இருந்து நம்ம மேல கறுவிக்கிட்டே திரியுதவன்" என்றார். அந்தக் கோபத்தை என் புத்தகத்தின் மேல் காட்டாதீர்கள். இது என் முதல் வேலை. இந்த ஆண்டு எனக்குக் கிடைக்கப்போகும் மதிப்பெண்ணும் அடுத்த ஆண்டு களப்பணிக்கு என்னைச் சேர்ப்பதும் இதை வைத்துத்தான்.

ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள். ஏச்சு ஆதாரமாகாது.

ஹர்ஷினி


தாயில்பட்டி
29.6.2025

ஹர்ஷினிக்கு மணிமுத்து.

ஆதாரம் கேட்டாய். வாங்கிக்கொள்.

வெடிக்குழாய் ஒட்டுகிற பசை மைதாவில் காய்ச்சுவது. சும்மா காய்ச்சினால் எறும்பும் எலியும் குழாயைத் தின்றுவிடும். அதனால் மயில்துத்தம் போடுவோம், நீலக் கட்டியாக இருக்குமே அது. அன்றைக்குக் காவிப்பொடி பாறையில் நிற்காமல் உதிர்ந்தது. நான் மிச்சமிருந்த துத்தப் பசையை அதில் ஊற்றிக் குழைத்தேன். உன் ஆதிமனிதன் துத்தம் எந்தக் கடையில் வாங்கினான் என்று உன் வாத்தியாரிடம் கேட்டுச் சொல். எறும்புகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், நீ முகராமலே புத்தகம் எழுதிவிட்டாய்.

வழுக்கின கை ஆவேசம் வந்தவள் கையாம். அது பாண்டிலட்சுமி கை, இசக்கிப்பாண்டி பெண்சாதி. இசக்கிப்பாண்டிதான் முதலில் பதித்தான். "ஏலே மணிமுத்து, எனக்குக் காவி கொஞ்சமாத் தடவு, ரெண்டு விரலுக்கு மிச்சம் புடிக்கலாம்ல" என்றான். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை வைத்தபடியே சிரித்தாள், வழுக்கிவிட்டது. "அழிச்சிட்டு நல்லா வைக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டாள். "கெடக்கட்டும், இதுக்கு யாரு பரிசு குடுக்கப் போறா" என்றேன். நாற்பத்தொரு வருசம் கழித்து நீ கொடுத்துவிட்டாய்.

எதற்குப் பாறையில் கை வைத்தோம் என்றால், பட்டாசுக் கம்பெனிகளில் ஆயுத பூஜை அன்று செட்டுச் சுவரில், அதாவது வெடி செய்கிற கொட்டகைச் சுவரில், காவிக் கை பதிப்பது வழக்கம். எங்கள் செட்டுக்கு மூன்று பக்கம் ஓலை, ஒரு பக்கம்தான் பாறை. லைசென்ஸ் வாங்கின இடத்தில் ஆர்டரை முடிக்க முடியாமல் உன் தாத்தா சீசனுக்கு மட்டும் காட்டுக்குள் ஒளித்துப் போட்ட செட்டு. ஓலையில் கை நிற்குமா?

இனி அந்தக் கரி. அதைப் பற்றிப் போன கடிதத்தில் நான் வாய் திறக்கவில்லை. நீ இறைச்சி சுட்ட புகை என்று எழுதியிருந்த இடத்தைச் சம்சாத் படித்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

பூஜை முடிந்து ஒன்பதாம் நாள். வெடிமருந்து கலக்கிறதும் என் வேலைதான். அன்று மைதா தீர்ந்துவிட்டது. உன் தாத்தா ஜீப்பில் வந்து நின்று, "ஏலே, நீ போயி ஒரு மூட வாங்கியா, அதுவரைக்கும் இசக்கி கலக்கட்டும், லோடு இன்னைக்கிப் போயாகணும்" என்றார். மூன்று விரலை வைத்து அவன் கலந்தான். நான் தாயில்பட்டிக் கடையில் மூட்டையைத் தூக்கித் தோளில் போடும்போது சத்தம் கேட்டது. கடைக்காரர், ஆலங்குளத்துச் சுண்ணாம்புக் குவாரியில் வேட்டு என்றார். குவாரி வேட்டு எனக்குத் தெரியும். அது ஒரு அடி, அப்புறம் எதிரொலி. இது விட்டு விட்டு, பொரிகிற மாதிரிக் கேட்டது.

அந்தச் சுட்ட புகைதான் நீ பார்த்தது.

மூன்று பேர் போனார்கள். இசக்கிப்பாண்டி, பாண்டிலட்சுமி, வீரச்சின்னம்மாள். எழுத வேண்டியவர்கள் எழுதினார்கள். எப்படி? இசக்கிப்பாண்டி என்பவன் காட்டுக்குள் திருட்டுத்தனமாகச் செட்டுப் போட்டு வெடி செய்தான், அவனும் அவன் வைத்திருந்த இரண்டு பொம்பளைகளும் செத்தார்கள், குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது. விரலை வாங்கினவர் பெயர் அதில் இல்லை. நான் ஸ்டேஷனுக்குப் போய் இது இசக்கி செட்டு இல்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் எனக்கு வேலை இல்லை. உன் தாத்தா சொல்கிற கறுவல் அதுதான்.

மானையும் கோல் பிடித்தவனையும் பெரிய விசயமாக எழுதியிருக்கிறாய். அது ஆடு மேய்க்கிறவன் கிறுக்கினது. அதுகூடத் தெரியாமல் படிப்பாம்.

மணிமுத்து


சென்னை
18.7.2025

ஐயா,

உங்கள் கடிதத்தை என் ஆசிரியரான துறைத் தலைவரிடம் காட்டினேன். அவர் அந்த நீலக் கட்டியைப் பற்றிய வரியின் கீழ் மட்டும் கோடு போட்டார். இந்த மாத முதல் வாரத்தில் நாங்கள் இருவரும் கிடாய்ப்பாறைக்கு வந்தோம். பாறையைச் சுரண்டாமலே எந்த உலோகம் இருக்கிறது என்று காட்டும் கையடக்கக் கருவி ஒன்று கொண்டுவந்தோம். ஐந்து கைகளிலும் தாமிரம் இருக்கிறது. மயில்துத்தம் என்றால் தாமிரம்.

என் புத்தகத்தின் நாற்பத்தெட்டுப் பக்கங்களில் முப்பத்தொன்று குப்பை. ஆசிரியர் ஏசவில்லை. "இந்த வயசுல தப்புப் பண்றது நல்லதும்மா, ஆனா அச்சடிக்கிறதுக்கு முன்னாடி பண்ணணும்" என்றார். ஏசியிருந்தால் தேவலை.

ஆனால் ஒன்று. மானில் தாமிரம் துளியும் இல்லை. கோல் பிடித்தவர்களிலும் இல்லை. பாண்டிலட்சுமி அவர்களின் வழுக்கின கை மானின் பின்னங்காலுக்கு மேலே விழுந்திருக்கிறது. அந்தக் காலுக்கும் கைக்கும் இடையில் பாறையே ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. அப்படிப் போர்த்த ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறார் ஆசிரியர். ஒரு சீசன் முழுக்க அந்த மானுக்கு அடியில் உட்கார்ந்து பசை காய்ச்சியிருக்கிறீர்கள், ஆட்டுக்காரன் கிறுக்கல் என்கிறீர்கள். பார்க்கத் தெரியாதவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

உங்கள் வீட்டுக் கதவையும் தட்டினேன். உள்ளே டி.வி. ஓடியது. மூன்று முறை தட்டியதும் டி.வி. நின்றது, கதவு திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்த பழங்களை ஆடு தின்றதா, நீங்கள் தின்றீர்களா தெரியவில்லை.

இப்போது எழுத வருத்தமாக இருக்கிற பகுதி. மான் பழையது என்று ஆசிரியர் அறிக்கை கொடுத்ததும், பழைய ஓவியங்களைப் பராமரிக்கும் குழு ஒன்று வந்து பார்த்தது. அவர்கள் கணக்கில் கைகள் இப்போது ஆதிமனிதனுடையவை இல்லை. சுற்றுலா வந்தவர்கள் பெயர் எழுதிவைப்பது போன்ற பிற்காலச் சேதம். மருந்து வைத்து ஒற்றி எடுத்துவிட்டு மானை வெளியே கொண்டுவருவார்கள். விதானத்துக் கரியையும் எடுப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள்.

நான் போய்ச் சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன். அங்கே கை வைத்தவர்களில் ஒருவர் உயிரோடு இருந்து நேரில் வந்து, இது என் கை, இவை இன்னாருடையவை என்று எழுதிக் கொடுத்தால், இதையும் ஒரு நினைவிடமாகப் பதிந்து அப்படியே விடலாம் என்றார் குழுவின் தலைவர். உங்கள் சாட்சி போதாதாம். உங்கள் கை அங்கே இல்லை, முதலாளியோடு பழைய பகை வேறு.

இறந்தவர் மூவர். கைகள் ஐந்து. மற்ற இரண்டும் யாருடையவை? அவர்களில் ஒருவராவது இருக்கிறாரா?

ஹர்ஷினி


தாயில்பட்டி
25.7.2025

ஹர்ஷினிக்கு.

பழம் ஆடுதான் தின்றது.

கழுவப் போகிறார்களா? நல்லது. ஆதிமனிதன் என்று நீங்கள் நினைத்தவரைக்கும் அவை கும்பிட வேண்டிய கைகள். போர்டு நட்டு, கம்பி வேலி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்னீர்கள். பட்டாசுக்காரன் கை என்று தெரிந்ததும் அழுக்கு. இதைச் சொல்லித்தரத்தான் மெட்ராஸில் காலேஜ் வைத்திருக்கிறார்களா? பொய்யாக இருந்தபோது பிழைத்துக் கிடந்த கையை உண்மையைச் சொல்லி நான் அழிக்க வைத்துவிட்டேன். படிக்காதவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

மான் பழசாகவே இருக்கட்டும். அதை வரைந்தவன் வரைந்து முடித்துவிட்டுக் காலோடு கையோடு வீட்டுக்குப் போயிருப்பான். அவனுக்கு இத்தனை பேர் அவசரமாக வேலை பார்க்க வேண்டியதில்லை.

இசக்கிப்பாண்டிக்கும் பாண்டிலட்சுமிக்கும் பிள்ளை கிடையாது. போட்டோ கிடையாது. கல்லறை என்று ஒன்று கட்ட முழுசாக எதுவும் கிடைக்கவில்லை. எழுத்தில் இருப்பது ஒரே இடத்தில், அதில் அவன் திருடன். இவற்றுக்கு வெளியே அவன் இருந்தான் என்று காட்ட அந்தப் பாறைதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். இப்போது முழங்கால் விடுவதில்லை.

ஒரு ஆள் இருக்கிறது. ஐந்தில் ஒன்று உயிரோடு இருக்கிறது. யார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஆள் தலை சாய்க்கிற இடம் போய்விடும். செத்தவர்களுடைய கைக்காக உயிரோடு இருக்கிற ஆளைத் தெருவில் நிறுத்த என்னால் முடியாது. நாற்பத்தொரு வருசமாக அந்த ஆளைப் பற்றி வாயை மூடியிருந்தது அதனால்தான். நீ வந்து கேட்டதும் திறந்துவிட நீ யார்?

உன் தாத்தாவைக் கேள். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் மறக்கிற ஆள் இல்லை, மறைக்கிற ஆள்.

மணிமுத்து


சிவகாசி
6.8.2025

ஐயா,

தாத்தாவைக் கேட்டேன். அதற்காகவே ஊருக்கு வந்தேன்.

முன்னறையில் உட்கார்ந்து அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் கடிதங்களைக் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தார். "தாயி, எல்லாக் கம்பெனியிலயும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சி. நாங்க பட்ட பாட்டுலதான் நீ மெட்ராஸ்ல உக்காந்து பாறையப் பாத்துக்கிட்டு இருக்க" என்றார். அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டார்.

புத்தகத்தின் முதல் வரைவை நான் அவருக்குத்தான் படித்துக் காட்டினேன். அதில் 'காலம் உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். "பத்தாயிரம்னே போடு. சின்ன நம்பர் போட்டா எவன் மதிப்பான்?" என்று சிரித்தார். ஆசைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு விரல் இல்லாத கையைப் பற்றிய பக்கத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். என் எழுத்து பிடித்துப்போய்க் கேட்கிறார் என்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அச்சடிக்கிற செலவும் போர்டும் அவராகவே முன்வந்து செய்தது. எங்கள் துறையில் மிக மோசமான மாணவியைக்கூட இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. நீங்கள் என்னைப் பற்றி எழுதியதெல்லாம் குறைவு.

போர்டை நானே பிடுங்கிவிட்டேன். சம்சாத் அக்காவின் கடையில் மிச்சமிருந்த புத்தகங்களையும் எடுத்துக்கொண்டேன். கல்லூரியிலும் புத்தகத்தை எழுத்து மூலமாகத் திரும்பப் பெற்றுவிட்டேன். அடுத்த ஆண்டு களப்பணி எனக்கு இல்லை.

28-ஆம் தேதி குழு வருகிறது. அன்றே வேலை தொடங்கும். மூவர் பெயரோடு ஒரு மனு எழுதிவைத்திருக்கிறேன், அடியில் சாட்சியின் இடம் காலியாக இருக்கிறது. அந்த ஒருவர் யாராக இருந்தாலும், அவர் யாரை அண்டி இருந்தாலும், அவருக்கு ஒரு கெடுதல் வராமல் நான் பார்த்துக்கொள்வேன். இதை எழுதிக் கொடுக்கிறேன். எழுதினதை இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா?

ஹர்ஷினி


தாயில்பட்டி
14.8.2025

ஹர்ஷினிக்கு மணிமுத்து.

விடுதிச் சோறு தின்கிற பிள்ளை, ஒரு ஆளுக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்கிறதாம். சம்சாத் படித்ததும் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "மாமா, அந்தப் புள்ள போர்டப் புடுங்கும்போது நான் பாத்தேன். கையெல்லாம் ரத்தம். ஒத்தையில நின்னு புடுங்குச்சி" என்றாள். போர்டு பிடுங்கினது பெரிய காரியம் இல்லை. உன் தாத்தா வீட்டில் இருந்துகொண்டே பிடுங்கினாய் பார், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

கைகளைச் சொல்கிறேன், எழுதிக்கொள். பாறையைப் பார்த்து நின்றால் உன் இடது பக்கத்திலிருந்து.

முதல் கை இசக்கிப்பாண்டி. ஊர் வெம்பக்கோட்டைக்கு மேற்கே. பிரஸ்ஸில் ஆறு வருசம், செட்டில் ஒரு சீசன். அவன் யாருக்கும் முதலாளியாக இருந்தது கிடையாது. மனுவில் இதைத் தடித்த எழுத்தில் போடு.

இரண்டாவது பாண்டிலட்சுமி. குழாய் ஒட்டுவதில் அவள் வேகத்துக்கு யாரும் கிடையாது. வெடித்த அன்றைக்கு அவள் வேலைக்கே வந்திருக்க வேண்டாம், காய்ச்சல். லோடு போக வேண்டும் என்று ஜீப்பை அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

மூன்றாவது, உயரத்தில் இருக்கிற பெரிய கை, செய்யது அபுதாஹிர். அவர் செட்டு ஆள் இல்லை. லாரி ஓட்டிவந்தவர். பூஜைப் பொரி தின்றுகொண்டு நின்றவரை இசக்கிதான், "பாய், ஒங்க கையவும் வச்சிட்டுப் போங்க, லாரியும் ஆயுதம்தான" என்று இழுத்தான். சிரித்துக்கொண்டே எட்டி வைத்தார். வெடித்த அன்று அவர் சிவகாசியில் இருந்தார். சேதி கேட்டு வந்து, கிடைத்ததைப் பொறுக்கி என்னோடு சேர்ந்து புதைத்தவர் அவர்தான். சர்க்கரை வியாதியில் காலை எடுத்து, கொரோனாவுக்கு முந்தின வருசம் இறந்தார். இதைச் சொல்லும்போது சம்சாத் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவர் அவளைப் பெற்ற அத்தா. அந்தப் பாறையில் அத்தா கை இருப்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. உன் புத்தகத்தில் அந்தக் கையின் படத்தை அவள் எத்தனை பேருக்குக் கொடுத்தாளோ. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "சொல்லுங்க மாமா" என்றாள். சொல்கிறேன்.

நான்காவது வீரச்சின்னம்மாள். புருசன் இல்லாதவள். திரி செருகுகிற வேலை. காவியை முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு வைத்தாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள்.

அதோடு காவி தீர்ந்துவிட்டது. எனக்கு இல்லை. எனக்கு என்று சட்டியில் வழித்து வைத்திருந்த கடைசித் துளியை வீரச்சின்னம்மாளின் மகள் கேட்டாள். பதினோரு வயது. அம்மாவோடு வேலைக்கு வந்து பொட்டலம் மடிக்கிற பிள்ளை. "மாமா, எனக்கு?" என்று கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். அவளுக்கு எட்டும் உயரத்தில், நாலு கைக்கும் கீழே, வீரச்சின்னம்மாளே மகள் கையைப் பிடித்து அழுத்தினாள். குகையில் ஓவியம் வரைந்த பெண் என்று நீ எழுதிய சின்னக் கை அது. பதினோரு வயதுப் பிள்ளையைப் பட்டாசு வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று உனக்குத் தோன்றவில்லை, ஓவியம் வரைந்தாள் என்று தோன்றியிருக்கிறது. படிப்பு என்றால் படிப்புதான்.

வெடித்தபோது அவள் ஓடையில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். குடத்தோடு திரும்பி வந்தாள். நான் மூட்டையோடு வந்து சேர்ந்தபோது குடத்தை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். ஜீப்பில் வந்த உன் தாத்தா பார்த்தார். எத்தனை பேர், யார் நடத்தினது என்று கேட்டால் சொல்வதற்கு வாய் உள்ள பிள்ளை. அவளை முன்சீட்டில் தூக்கி உட்கார வைத்துக் கொண்டுபோய்விட்டார். கேட்டவர்களிடம், அனாதைப் பிள்ளை, வளர்க்கிறேன் என்றார். தர்மவான் என்று பேர் வேறு வாங்கினார்.

திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்தேன். பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தாயி, பாறையக் கழுவப் போறாகளாம்."

"எந்தப் பாறை, மாமா?"

"ஒங்க அம்ம கை இருக்கே, அது."

உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு அங்கன நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல. ஒங்களுக்குக் காப்பி போடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். "எனக்கு வேற போக்கிடம் ஏது மாமா. நீங்க போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாள். சாத்தின கதவுக்குப் பின்னால் அவள் நகரவில்லை, அது எனக்குத் தெரியும். நானும் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

அதனால் நான் சொல்லி அவள் வர மாட்டாள். என்னால் அவளுக்கு ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட உத்தரவாதம் தர முடியாது. உன்னால் முடியுமா என்பது எனக்குத் தெரியாது, முடியும் என்று நம்பவும் இல்லை. ஆனால் அவளிடம் போய் உட்கார்ந்து கேட்கக்கூடியவள் நீ ஒருத்திதான். அவள் இருப்பது உங்கள் வீட்டு அடுப்படியில். போன வாரம் ஊருக்கு வந்தபோதுகூட அவள் கையால்தான் நீ சோறு தின்றிருப்பாய். அவள் எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று உன் வீட்டில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டீர்கள். இருபத்தெட்டாம் தேதிக்குப் பதினான்கு நாள் இருக்கிறது. மனுவில் நீ காலியாக விட்டிருக்கிற இடத்துக்கு உரியவள், அந்த ஐந்தில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள், பொன்னுத்தங்கம்.